கௌரி அக்கா அரசனுக்கு வைத்த எல்லை

மாசிக் கடைசியில் பலெர்மோ நகரின் ஓரத்தில் உள்ள சியாகுல்லித் தோட்டத்தில் மந்தரின் தோடம்பழம் பறித்துக்கொண்டிருந்தபோது கௌரி அக்காவின் கணவர் சிவநேசன் அண்ணை தொலைபேசியில் அழைத்தார். வேலை நேரத்தில் அவர் என்னை அழைப்பதில்லை. "தம்பி, கௌரி காலமை போயிட்டா," என்றார். ஏணியிலிருந்து இறங்கி அந்த மரத்தின் கீழேயே இருந்துவிட்டேன். நோய் மூன்று மாதமாகத் தெரிந்ததுதான். தெரிந்திருந்ததால் அது இலேசாகிவிடவில்லை.

பலெர்மோவில் இருப்பவர்களுக்கு அவர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வயதான ஓர் இத்தாலியப் பெண்மணியை, ஒரு சிஞ்ஞோராவை, பராமரித்த கௌரி. வேறு நாடுகளில் இருக்கும் உங்களில் சிலருக்கு, மத்தியகால அரசுகளைப் பற்றிய ஒரு கணினி விளையாட்டுக்கு நானும் அவரும் புது விதிகள் எழுதிச் சேர்த்த இணைப்பில், எழுதியவர்கள் பட்டியலில் முதலாவதாக வரும் பெயர். இரண்டும் ஒரே ஆள் என்பது இரு தரப்புக்கும் தெரியாமல் இருக்கலாம்.

நாங்கள் சந்தித்தது பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் குவெஸ்தூராவில், பொலிஸ் தலைமையகத்தில், வரிசையில் நின்ற ஒரு நாளில். அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவர். சிஞ்ஞோரா மதியம் கண்ணயரும் இரண்டு மணி நேரத்தில் அந்த விளையாட்டைப் பழகியவர். நான் யாழ்ப்பாணத்தில் கணினி படித்தவன் என்று அறிந்ததும் கேட்டார்: "அதிலை ராசா செத்தால் மூத்த மகன்தான் ராசா. பிரபுக்கள் கூடி ராசாவைத் தெரிஞ்செடுத்த நாடுகளும் இருந்ததுதானே. அதை என்னெண்டு எழுதலாம்?" எங்கள் இலக்கம் வருவதற்குள் ஒரு படிவத்தின் பின்பக்கத்தில் ஏழு பிரபுக்களை வரைந்து முடித்திருந்தோம்.

ஏழு பேருக்கும் ஞாபகம் இருக்க வேண்டும் என்றார். அரசன் கொடுத்த நிலம், செய்த அவமானம், மறந்துபோன வாக்கு எல்லாம் தேர்தல் நாளில் கணக்கில் வர வேண்டும். எழுதினேன். ஆனால் ஓட்டிப் பார்த்த ஒவ்வொரு முறையும் அரசனின் மகனே தெரிவானான். பிழை விட்டுவிட்டேன் என்று நினைத்தேன். அக்கா திரையை நெடுநேரம் பார்த்தார். "பிழை இல்லை. மகனுக்காண்டித் தேப்பன் காணியெல்லாம் பிரபுக்களுக்குக் குடுத்திட்டான். பெடியனுக்கு முடி கிடைச்சிருக்கு. நாடு கிடைக்கேல்லை." பார்த்தால் அப்படித்தான் இருந்தது. மூன்றாவது தலைமுறையில் அரசனுக்குச் சொந்தமாக ஒரு கோட்டைதான் மிச்சம்.

எங்களுக்குள் ஒரு பிளவும் வந்தது. அதை மறைத்து எழுதினால் அக்காவுக்குப் பிடிக்காது. எங்கள் இணைப்பில், மனக்குறை உள்ள பிரபுக்கள் அரசனின் கட்டளையை மறுக்கலாம். அதை இணையத்தில் எடுத்து விளையாடியவர்கள் பலர், அரசன் இட்ட கட்டளையைப் பிரபுக்கள் மறுக்கிறார்கள், இதென்ன அரசு என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களை இழந்துவிடுவோம் என்று பயந்து, அரசன் சொன்னால் மறுக்க முடியாதபடி நான் விதியை மாற்றி வெளியிட்டேன். அக்காவிடம் கேட்கவில்லை. பாராட்டுகள் வந்து குவிந்தன.

மூன்றாம் நாள் அவர் தொலைபேசியில் அழைத்தார். "நீர் ராசாவைப் பெரிசாக்கேல்லை," என்றார். "மற்ற ஏழு பேரையும் சின்னனாக்கிப் போட்டீர்."

"விளையாட்டுத்தானே அக்கா," என்றேன்.

"இல்லை எண்டு சொல்ல ஏலாத இடத்திலை நான் இருந்து வந்தனான். அதை விளையாட்டாய்ச் செய்ய எனக்கு ஏலாது."

அக்கா போர் நடந்த வன்னியிலிருந்து வந்தவர். இரண்டு மாதம் நாங்கள் கதைக்கவே இல்லை. நான் பிடிவாதமாக இருந்தேன், வெட்கமாகவும் இருந்தது.

ஒரு வியாழக்கிழமை, அவருக்கு ஓய்வு நாள், பஸ் பிடித்துத் தோட்டத்துக்கு வந்து நின்றார். சாப்பாட்டு நேரம் வரும்வரை வேலிக்கு வெளியே காத்திருந்தார். பழப்பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு அவற்றின் மேல் இருந்தோம். "நீர் செய்ததிலை பாதி சரி," என்று தொடங்கினார். எல்லையில் எதிரி நிற்கும்போது ஏழு பேரும் தனித்தனியே மறுத்தால் நாடு மிஞ்சாது என்பதை அவர் யோசித்துப் பார்த்திருக்கிறார். அப்போது மட்டும் அரசன் சொல் நடக்கலாம், அதுவும் ஒரு வருடத்துக்கு. அதன் பிறகு அவன் பிரபுக்களிடம் திரும்பிவந்து கேட்க வேண்டும். விதியை அப்படியே மாற்றி எழுத ஒத்துக்கொண்டேன். கேட்காமல் மாற்றியதற்கு நான் மன்னிப்புக் கேட்டேன். "சரி, சாப்பிடும்," என்றார்.

கடைசியாக அவரை ஆஸ்பத்திரியில் பார்த்தபோது குரல் நன்றாக மெலிந்திருந்தது. "ஒரு வருசம் முடிஞ்சும் ராசா விடாட்டி?" என்று கேட்டார்.

"பிரபுக்கள் எழும்புவினம் அக்கா."

"எல்லாரும் ஒண்டாய் எழும்பமாட்டினம். ஆரோ ஒருத்தர் முதல் எழும்பவேணும். அது ஆரெண்டு எழுதிவிடும்."

செத்தவீடு முடிந்த கிழமையே அதை எழுதினேன். ஆகப் பலமான பிரபு முதலில் எழும்புவதில்லை. அவனுக்கு இழக்க நிறைய இருக்கிறது. அரசனால் ஆக அதிகம் இழந்தவரே எழும்புகிறார். அக்கா அதை ஏற்றிருப்பாரா, திருத்தியிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. கேட்க ஆள் இல்லை என்பது அப்போதுதான் முழுதாக உறைத்தது.

சென்ற வாரம் ஒருவர், அந்த ஒரு வருட எல்லையை எடுத்துவிட்டால் இன்னும் பலர் விளையாடுவார்கள் என்று எழுதியிருந்தார். முன்பென்றால் ஓம் என்று சொல்லியிருப்பேன். கௌரி அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது, குரலை உயர்த்தாமல் அவர் சொல்லும் "ஏலாது" என்ற அந்தச் சொல். அதையே மரியாதையோடு எழுதி அனுப்பினேன்.