பெர்தில்லாவின் மூக்கு

எங்கள் பன்றித்தொடைக் கிடங்கில் இருபத்தாறு வருடமாக மூக்குதான் பெர்தில்லாவின் பிழைப்பு. உப்பில் ஊறி, மாதக்கணக்கில் தொங்கி உலர்ந்த தொடையில் குதிரை எலும்பு ஊசியை ஐந்து இடத்தில் குத்துவாள். ஒவ்வொரு குத்துக்கும் ஊசியை மூக்கடியில் ஒரு நொடி வைப்பாள். உள்ளே கெட்டிருந்தால் அந்தத் தொடை ஒதுங்கிவிடும். அவள் "சரி" என்றால் முதலாளி தர்சீசியோ மறுபேச்சில்லாமல் முத்திரை வைப்பார். உப்புத் தடவும் நான் அவளுக்குப் பக்கத்து மேசை.

அந்த மூக்கு ஜனவரிக் காய்ச்சலோடு போய்விட்டது. காபி மணமும் இல்லை, கருகல் வாடையும் இல்லை. யாரிடமும் அவள் மூச்சுவிடவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் வேலை போனால் வேறு யார் கூப்பிடுவார்கள்? வழக்கம்போல ஊசி குத்தினாள், முகர்ந்தாள், புருவத்தைச் சுருக்கினாள், நிறத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஒன்றிரண்டை ஒதுக்கினாள். பக்கத்தில் நின்ற எனக்கே தெரியவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை அவள் கணவன் கஸ்தோனே, "நாளைக்கு சித்தாதெல்லா போலாம். கோட்டைச் சுவர் மேல ஒரு சுத்து நடந்துட்டு வரலாம்" என்றான். ஞாயிறு என்றால் பாரில் சீட்டாட்டத்தை விட்டு எழுந்திருக்காதவன். கல்யாணப் பயணத்துக்கே பெண்டாட்டியை அத்தை வீட்டுக்கு அழைத்துப்போனவன்.

"என்ன திடீர்னு?"

"பொண்டாட்டியோட வெளிய போகக் காரணம் வேணுமா?"

"மத்தவனுக்கு வேணாம். உனக்கு வேணும்."

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். தர்சீசியோ எதையோ மோப்பம் பிடித்து இவனிடம் சொல்லி, உண்மையைக் கறக்கச் சொல்லியிருக்கிறார் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். காரில் அவன் புதுச் சட்டையைப் பார்த்தாள். சந்தேகம் கூடியது. பெட்ரோல் போட நிறுத்தியவன் கட்டடத்துக்குப் பின்னால் போய்ப் பத்து நிமிடம் கழித்து வந்தான். வந்தவன் அவள் முகத்துக்கு நேரே குனிந்து, ஊதுவதுபோல் மூச்சு விட்டு, கண்ணையே பார்த்தான்.

"என்ன கிழவா, முத்தமா?"

"ஒண்ணுமில்ல" என்று வண்டியை எடுத்தான். முகம் தொங்கிப்போயிருந்தது.

மதியம் சாப்பாட்டுக் கடையில் ஒயினை அவள் பக்கம் நகர்த்தி, "எப்படி இருக்கு, சொல்லு" என்றான். அவள் கோப்பைக்குள் மூக்கை விட்டு, கண்ணை மூடி, "பிரமாதம்" என்றாள். அடுத்த மேசைக்காரன் அதே ஒயினைப் புளித்துவிட்டது என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல உட்கார்ந்திருந்தாள்.

சுவர்மேல் ஏறினார்கள். ஒருபக்கம் ஓட்டுக் கூரைகள், மறுபக்கம் அகழித் தண்ணீர். ஆள் நடமாட்டமில்லாத திருப்பத்தில் கஸ்தோனே நின்றான். சட்டைப் பையிலிருந்து பாதிச் சுருட்டை எடுத்து அவள் கண்முன்னாலேயே பற்றவைத்தான். பதினோரு வருடத்துக்கு முன் அவள் சத்தியம் வாங்கி விடவைத்த சுருட்டு.

"இப்பவாவது திட்டுடி!"

அவள் வாயைப் பிளந்தாள்.

"ஜனவரியிலேருந்து நம்ம சமையக்கட்டுலயே பிடிக்கறேன். மொதல்ல ஜன்னலத் தொறந்து வெச்சு, அப்புறம் வேணும்னே சாத்திவெச்சு. காலைல பெட்ரோல் பங்க்ல பிடிச்சிட்டு வந்து உன் மூஞ்சிலயே ஊதினேன். ரெண்டு தெரு தள்ளி நாத்தம் பிடிக்கறவ நீ. ஒரு வார்த்த பேசல. சொல்லு, யார் அவன்?"

"எவன்?"

"புருஷனத் திட்டறத நிறுத்தின பொம்பளைக்கு வேற ஆள் இருக்கான்னு அர்த்தம். பார்ல எல்லாரும் சொல்றாங்க."

'மன்னிச்சுட்டேன், அதான் பேசல' என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் ரகசியம் தப்பியிருக்கும். ஆனால் மூன்று மாதமாக இந்த மனுஷன் தூங்கவில்லை என்பது அவன் கண்ணடியில் தெரிந்தது. அவளுக்குத் தாங்கவில்லை.

"ஆளும் இல்ல, பேயும் இல்ல. எனக்கு வாசனையே தெரியல கஸ்தோனே. மூக்கு செத்துப்போச்சு."

அவன் சிரித்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான். "இவ்வளவுதானா! இவ்வளவுதானா!" என்று அவளைக் கட்டிக்கொண்டான். அவள் சிரிக்கவில்லை என்பது சற்றுப் பொறுத்துத்தான் அவனுக்கு உறைத்தது.

"அப்போ இத்தன நாளா... அந்தத் தொடையெல்லாம்?"

"சரின்னு சொன்னேன். எது நல்லது, எது கெட்டதுன்னு கடவுளுக்குத்தான் தெரியும். எந்தக் கொழந்த தட்டுல விழுந்துதோ." அவள் கைப்பையைத் திறந்தாள். "நாளைக்கு இன்னும் அறுபது காத்துக்கிட்டிருக்கு."

அங்கேயே போனை எடுத்தாள். தர்சீசியோ வீட்டில் அப்போதுதான் எல்லோரும் சாப்பிட்டு முடித்துக்கொண்டிருந்தார்கள்.

"தர்சீசியோ, பெர்தில்லா பேசறேன். நாளைக்கு என்னை நம்பி முத்திரை வெக்காதீங்க. எனக்கு மோப்பம் போயிடுச்சு."

மறுமுனையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"எப்பலேருந்து?"

போனில் காதை ஒட்டிவைத்திருந்த கஸ்தோனே அவள் கையைப் பிடித்து அழுத்தினான். "நேத்துன்னு சொல்லு" என்று கிசுகிசுத்தான். "பெர்தி, நேத்து, நேத்துன்னு சொல்லு."

"ஜனவரியிலேருந்து" என்றாள் அவள்.