அம்பாசிடருக்கு இன்ஜெக்‌ஷன் போட்ட கதை

எங்கள் வீட்டு வாசலில் ஆறு மாதம் ஒரு அம்பாசிடர் நின்றது. எங்களுடையது என்று ஸ்கூலில் ரீல் விட்டிருந்தேன். உண்மையில் அது அப்பா வேலை செய்த கம்பெனியின் பெரிய சாருடையது. அவருடைய அப்பா ஓட்டிய வண்டியாம், விற்க மனசு வரவில்லையாம்.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. ஓசூரில் பாகலூர் ரோட்டில் ஒரு லைன் வீட்டில் நான், அப்பா, அம்மா, கூடவே சித்தப்பா. அப்பா பைக்குகளுக்குக் கார்புரேட்டர் செய்யும் கம்பெனியில் பதினெட்டு வருஷம். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் சாமான் அது. டெஸ்டில் ஃபெயிலாகும் பீஸெல்லாம் அப்பாவிடம்தான் வரும். ஸ்க்ரூவைக் கால் சுற்று திருகி, காதைக் கொடுத்துக் கேட்டு, சரிபண்ணி அனுப்புவார்.

அந்த வருஷம் புகைக்குப் புது ரூல் வந்தது. இனி பைக்குக்கும் ஃப்யூல் இன்ஜெக்‌ஷன்தான். ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, பெட்ரோலை ஊசி மாதிரி பீய்ச்சும். கார்புரேட்டர் லைனை மூடிவிட்டு எல்லாருக்கும் வி.ஆர்.எஸ். பணம் கொடுத்து அனுப்பப்போகிறார்கள் என்று பேச்சு. டிப்ளமோ முடித்துவிட்டு அதே கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்த சித்தப்பாவுக்கு அதுகூடக் கிடையாது. நேராகக் கம்பெனி கேட்டுக்கு வெளியேதான்.

பெரிய சார் அப்பாவைக் கூப்பிட்டாராம். "புது இன்ஜெக்‌ஷன் லைன்ல ஒரே ஒரு எடம் என் கையில இருக்குப்பா. உனக்கு அந்த வேலை வரும்னு நான் மேல காட்டணும்ல? என் வண்டியில செஞ்சு காட்டேன்."

சாமான் செலவு அவருடையது. உழைப்பு அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைகள். டெஸ்ட் வைக்கிறேன் என்ற பெயரில் ஒரு மனுஷனிடம் ஆறு மாசம் ஓசியில் வேலை வாங்கலாம் என்பதெல்லாம் பெரிய படிப்பு படித்தவர்களுக்குத்தான் தோன்றும்.

அப்பா கார்புரேட்டரைக் கழற்றி எறிந்தார். பெங்களூர் பழைய சாமான் கடைகளில் அலைந்து இன்ஜெக்டர்கள் வாங்கிவந்து, அவை உட்கார எஞ்சினில் தானே இடம் கடைந்தார். பழைய பெட்ரோல் டேங்கில் நாற்பது வருஷத் துரு. ஒரு தூசி போதும், இன்ஜெக்டர் அடைத்துக்கொள்ளும். டேங்குக்குள் ஜல்லியைப் போட்டு இரண்டு ஞாயிறு குலுக்கிக் குலுக்கிக் கழுவினார். புது பம்பின் பிரஷரைப் பழைய ரப்பர் குழாய் தாங்காது என்று ஒன்றுவிடாமல் மாற்றினார்.

பேரிகை ஊர்ப் பக்கத்துக்காரரான ஹவுஸ் ஓனர் தினமும் வந்து எட்டிப் பார்ப்பார். "ஏம்ப்பா, ஓடற வண்டிய எதுக்கு அறுத்துப் போட்டுனு கீற? கார்ல கம்ப்யூட்டர் எதுக்கு, சினிமா பாக்கவா?"

"உங்கள ஏத்தினு போயி காட்டறேன், இருங்க" என்பார் அப்பா.

அதன் பிறகு லேப்டாப் வேலை. எவ்வளவு வேகத்தில் எவ்வளவு பெட்ரோல் என்று கட்டம் கட்டமாக நம்பர் நிரப்பவேண்டும். லேப்டாப் சித்தப்பாவுடையது. அதை மடியில் வைத்துக்கொண்டு அவர் டிரைவர் சீட்டில் ஸ்டைலாக உட்கார்ந்திருப்பார். அப்பா பின்னால் குத்துக்காலிட்டு, சைலன்சர் புகையில் உள்ளங்கையைக் காட்டி, கையை மோந்து பார்ப்பார்.

"மூணாவது வரிசை, நாலாவது கட்டம். ரெண்டு கொற."

சித்தப்பா தட்டுவார்.

"இப்ப திணறுது பாரு. ஒண்ணு ஏத்து."

சித்தப்பா தட்டுவார். இப்படியே இரண்டு மாசம். ஒருநாள் அப்பாவே தட்டப்போய்த் திரை கறுப்பாகிவிட்டது. "மாமனார் வீட்டு டிவின்னு நெனச்சிட்டீங்களா?" என்றாள் அம்மா. அன்றிலிருந்து லேப்டாப்பைச் சொல்லி அப்பாவைக் கலாய்ப்பதுதான் எங்கள் வீட்டு என்டர்டெயின்மென்ட். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.

ஒரு மார்கழி ஞாயிறு, காலை ஆறரைக்குப் பெரிய சார் வந்தார். ஓசூர்க் குளிரில் பழைய அம்பாசிடர் உருப்படியாக ஸ்டார்ட் ஆவதுதான் உண்மையான டெஸ்ட். முன்பெல்லாம் சோக்கை இழுத்தாலும் பத்து நிமிஷம் இருமிவிட்டுத்தான் கிளம்பும். சார் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பு. பூனை மாதிரி உறுமிக்கொண்டு நின்றது.

சார் முகமெல்லாம் பல். "அடேங்கப்பா! யாருய்யா கம்ப்யூட்டர்ல செட்டிங் போட்டது?"

அப்பா துணியில் கையைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தார். எதையும் ஆற அமர ஆரம்பிக்கிற ஆள். நான் முந்திக்கொண்டேன்.

"எங்க சித்தப்பாதான் சார்! எங்கப்பாவுக்கு லேப்டாப்ப தொறக்கவே தெரியாது!"

சார் கடகடவென்று சிரித்தார். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஓனரும் சிரித்தார். செம டைமிங் என்று எனக்குள் ஒரே பெருமை. இந்த முறை அப்பா சேர்ந்து சிரிக்கவில்லை.

"அது வந்து சார்..." என்றார்.

சார் அதற்குள் சித்தப்பா பக்கம் திரும்பிவிட்டார். "நீ என்ன படிச்சிருக்க தம்பி?"

சித்தப்பா அப்பாவை ஒருமுறை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "டிப்ளமோ ஆட்டோமொபைல் சார். அண்ணனும் கூடமாட ஹெல்ப் பண்ணாரு."

சார் அப்பாவின் தோளில் தட்டினார். "தம்பிய நல்லா வளத்திருக்கய்யா."

அம்பாசிடர் போய்விட்டது. கைக்குழந்தை மாதிரி அதைக் கவனித்த அப்பாவை, தெருமுனை வரைக்கும்கூட யாரும் அதில் ஏற்றவில்லை.

இப்போது நான் ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். போன செமஸ்டர் லேபில் இதே மாதிரிக் கட்டங்களை என் முன்னால் திறந்து வைத்தார்கள். என்ன நம்பர் வேண்டுமானாலும் ஸ்பீடாகத் தட்டுவேன். எந்தக் கட்டம், எவ்வளவு என்று கேட்டபோது பேந்தப் பேந்த முழித்தேன். அப்பா இப்போது அத்திப்பள்ளியில் ஒரு அபார்ட்மென்ட்டில் கேட் திறந்துவிடுகிறார். எனக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டுவது சித்தப்பா. கேட்காமலே கட்டுகிறார், ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டியதில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

அந்த ஜனவரியில் சித்தப்பா புது லைனில் சேர்ந்த அன்று, ஒரு கிலோ மைசூர்பா வாங்கிவந்து நடு வீட்டில் வைத்தார். அப்பா பசிக்கவில்லை என்றார். அம்மா பல்வலி என்றாள். சித்தப்பா ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று சாப்பிடாமலே செருப்பை மாட்டினார். பெரியவர்கள் மூன்று பேரும் ஒரு துண்டுகூட எடுக்கவில்லை.

முழு டப்பாவும் எனக்குத்தான் என்று துள்ளிக் குதித்துத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன்.