என் குளத்துக்கு மூன்று டிரம்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் தண்ணீரைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கக் கோலார் தங்கவயலில் ஆள் கிடையாது. சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்துக்குள் பம்ப் ஓட்டியவன் நான். சுரங்கம் மூடியதும் ஆண்டர்சன்பேட்டையில் மோட்டார் ரிப்பேர் கடை போட்டேன். அந்த வருமானத்தில் வீடு கட்டினேன், வீட்டுக்குப் பின்னால் குளமும் வெட்டினேன். எட்டடி நீளம், ஐந்தடி அகலம், சிமெண்ட் பூச்சு, பதினொரு சிவப்பு மீன். எங்கள் தெருவில் வேறு யார் வீட்டில் குளம் இருக்கிறது, சொல்லுங்கள்.

போன மழைக்குப் பிறகு தண்ணீர் பச்சையாகிவிட்டது. பொரி போட்டால் வாய்கள் மட்டும் தெரியும், மீன் தெரியாது. டெங்குக்காக வீடு வீடாகப் பார்த்து வந்த சுகாதாரப் பெண் எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். கன்னடக்காரப் பெண், தாத்தாவை அஜ்ஜா என்பாள், நல்ல மரியாதை தெரிந்தவள்.

"அஜ்ஜா, அடி தெரியல. பதினஞ்சு நாள் கழிச்சு வர்றேன். தெளிஞ்சிருந்தா சரி. இல்லன்னா மண்ணு போட்டு மூடிடுங்க."

"பதினஞ்சு நாள் எதுக்கும்மா? ரெண்டே நாளு. கண்ணாடி மாதிரி ஆக்கிடறேன்."

சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "மூடட்டும் மூடட்டும். எனக்கு முருங்கை வைக்க இடம் வேணும்."

விடுவேனா? ஒரு நீல டிரம் வாங்கி அடியில் துளை போட்டேன். கீழே ஜல்லி, மேலே கரி, அதற்கு மேலே மணல். ஊரைச் சுற்றி, தங்கம் பிரித்த பிறகு கொட்டிய கழிவு மண் சயனைடு மேடுகளாக நிற்கிறது, அதில் மணல் சும்மா கிடக்கிறது, ஆனாலும் அதைத் தொடவில்லை. அந்த மண்ணில் புல்லே யோசித்துத்தான் முளைக்கிறது, மீன் எப்படிப் பிழைக்கும்? ஆற்று மணலைத் தேடிப் பிடித்தேன். கடையில் இருந்ததிலேயே பெரிய மோட்டாரை மாட்டிச் சுவிட்சைத் தட்டினேன்.

தண்ணீர் பாய்ந்த வேகத்தில் மணலில் பள்ளம் விழுந்தது. டிரம் பொங்கி வழிந்தது. குளத்தின் அடிச்சேறு மொத்தமும் கிளம்பி, பச்சைத் தண்ணீர் டீத் தண்ணீர் ஆனது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. என் மனைவி ஓடிவந்து, குளிக்கத் தண்ணீர் பிடித்து வைத்திருந்த அண்டாவில் பதினொன்றையும் அள்ளிப் போட்டாள்.

"ரெண்டு நாள்ல கண்ணாடின்னீங்க. இப்ப நான் எதுல குளிக்கறது?"

அந்த நேரம் பார்த்து என் பழைய கூட்டாளி வந்து சேர்ந்தான். சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜை ஓட்டியவன். நான் மோட்டாரை மறுபடி போடப் போனேன். அவன் குளத்தைப் பார்த்தான், மோட்டாரைப் பார்த்தான்.

"இன்னா மாமா, கீழ யாராவது மாட்டிக்கினு கீறாங்களா?"

"இன்னாடா ஒளர்ற?"

"இல்ல, இவ்ளோ அவசரமா தண்ணிய இழுக்கிறியே, அதான் கேட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. சுரங்கத்தில் எங்கள் வேலையே அதுதான். தண்ணீர் ஏறினால் ஆள் செத்தான், அதனால் இழு, மேலே தள்ளு, நிறுத்தாதே. கை அந்தப் பழக்கத்திலேயே போய்விட்டது. ஆனால் அங்கேயும் சேற்றுத் தண்ணீரை நாங்கள் நேராக பம்புக்கு விட்டதில்லை. ஒவ்வொரு லெவலிலும் சம்ப் என்று ஒரு தொட்டி இருக்கும். தண்ணீர் முதலில் அதில் நிற்கும், சேறு தங்கும், தெளிந்த பிறகுதான் பம்புக்கு வரும். இதை எத்தனை பேருக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! என் வீட்டுக் குளம் என்றபோது எனக்கே அது ஞாபகம் வரவில்லை.

இன்னும் இரண்டு டிரம் வந்தது. பெரிய மோட்டார் போய், பழைய ஏர் கூலரின் குட்டி மோட்டார் வந்தது. முதல் டிரம்மில் ஒன்றும் போடவில்லை, தண்ணீர் சும்மா நின்று சேற்றை இறக்கட்டும். இரண்டாவதில் ஜல்லியும் கிழிந்த கொசுவலையும். மூன்றாவதில் கரியும் மணலும். அதிலிருந்து சுண்டுவிரல் கனத்தில் தண்ணீர் குளத்துக்குத் திரும்பியது.

ஐந்தாம் நாள் மீன்கள் அண்டாவிலிருந்து குளத்துக்குப் போயின. சேறு அடங்கியிருந்தது, பச்சை மட்டும் போகவில்லை. பத்தாம் நாளும் அப்படியே. என் கை பெரிய மோட்டாரைத் தேடிப் போனது. பார்த்தால் அதன் ஒயரைக் காணோம்.

"அரிசி டின்னுக்குள்ள கீது. அவசரப்படாதீங்க," என்றாள் என் மனைவி. முருங்கை கேட்டவள்தான்! அண்டாவில் கிடந்த நாட்களில் அந்த மீன்களுக்குக் கையாலேயே பொரி ஊட்டிப் பழகியிருந்தாள்.

பதின்மூன்றாம் நாள் காலை குளத்தின் அடியில் ஏதோ பளபளத்தது. போன வருஷம் தொலைந்த அவளுடைய எவர்சில்வர் கரண்டி.

சொன்னபடி சுகாதாரப் பெண் வந்தாள். குனிந்து மீன்களை எண்ணினாள். பதினொன்று. சீட்டில் டிக் போட்டுவிட்டு டிரம்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இன்ஜினியர் வச்சு செஞ்சீங்களா அஜ்ஜா?"

"இன்ஜினியரா? எல்லாம் என் மூளைம்மா."

பின்னால் என் கூட்டாளி பலமாக இருமினான். அந்த இருமலுக்காகத்தான் அவன் கேட்ட கேள்வியை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். இதற்கு மேல் அவனுக்குப் பங்கு கிடையாது.

"எங்க அம்மா வீட்லயும் ஒரு தொட்டி இருக்குது. எத்தனை நாள்ல செஞ்சு தருவீங்க?"

"ரெண்டே..." என்று வாய் திறந்தேன். என் மனைவி கரண்டியோடு வாசற்படியில் நின்றிருந்தாள்.

"பதினஞ்சு நாள் ஆகும்மா," என்றேன். "தண்ணி ஓடக்கூடாது, நடந்துதானே வரணும்."