என் காலிலிருந்து போன கிருமி

புண் அழுகுகிறது என்பதை, கட்டுப் பிரித்தபோது வந்த நாற்றம்தான் முதலில் சொன்னது. கண்ணாடி விரியன் கடித்து, விஷமுறிவு ஊசியில் பிழைத்து, வாடிப்பட்டி வீட்டுக்கு வந்து அப்பாடா என்று உட்கார்ந்திருந்தேன். கணுக்கால் புண் மட்டும் ஆறவில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். பயப்படுவதில் மட்டும் பட்டம் வாங்கியவள்.

மதுரை ஆஸ்பத்திரியில் மறுபடி சேர்த்தார்கள். சீழைப் பரிசோதித்த டாக்டரம்மா, வழக்கமான மருந்துகளுக்கு அந்தக் கிருமி அடங்கவில்லை என்றார். "இன்னும் ஒரு ஊசி மருந்து இருக்கும்மா. அதுக்கும் கேக்கலைன்னா முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டி வரலாம்."

கால்விரல் மரத்தாலும் பயம், வலித்தாலும் பயம். கட்டுப் பிரிக்கும் நர்ஸின் மூக்கையே பார்த்துக்கொண்டிருப்பேன், சுளிக்கிறதா என்று.

அப்போதுதான் டாக்டரம்மா இன்னொன்று கேட்டார். பாம்பு விஷத்திலிருந்து பெப்டைடு (புரதத்தின் சிறு துண்டு) பிரித்து, கிருமிகள் மீதும் புற்றுநோய் செல்கள் மீதும் சோதிக்கிறார்களாம். என் புண்ணிலுள்ள கிருமியை அந்த ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதமா?

போர்வையை இழுத்துக் காலை மூடினேன். "மறுபடியும் விஷமாம்மா?"

பக்கத்தில் நின்ற என் தம்பி பாண்டி சும்மா இருப்பானா? "அக்கா, கடிச்சவனையே வைத்தியத்துக்குக் கூப்புடுறாக. ஃபீஸ் எம்புட்டுன்னு கேளு."

"வாய மூடுடா" என்றுவிட்டு, மனதை அரித்ததைக் கேட்டேன். "விஷம் கிருமியக் கொல்லும்னா, அம்புட்டு விஷம் ஏறுன கால்லயே எப்படிம்மா கிருமி பிடிச்சுச்சு?"

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "விஷம் ஒரே பொருள் இல்லம்மா, பலது கலந்தது. அது உங்க சதையச் சாகடிச்சுச்சு, செத்த சதையில கிருமி குடியேறிடுச்சு. அவங்க தேடுறது அதுல ஒரு துண்டு மட்டும். அதையும் நம்ம உடம்பக் கெடுக்காம மாத்தணும். இப்ப சோதனையெல்லாம் லேப்ல கண்ணாடித் தட்டுலதான். மருந்தா வர வருசக்கணக்காகும், வராமலும் போகலாம்."

"அப்ப என் காலுக்கு?"

"உதவாதும்மா."

மழுப்பாமல் சொன்னார். கையெழுத்துப் போட்டேன்.

ஒருநாள் கட்டுப் பிரித்த நர்ஸ் மூக்கைச் சுளிக்கவில்லை. டாக்டரம்மா முதலில் சொன்ன ஊசி மருந்துக்கே கிருமி அடங்கிவிட்டது. பிறகு தொடைத் தோலை எடுத்துப் புண்ணில் ஒட்டினார்கள்.

இப்படிப் புண்ணோடு இருப்பவர்களுக்கு ஒன்று: விஷம் நல்லதாம் என்று யாராவது எண்ணெயோ பொடியோ கொண்டுவந்தால் தடவிவிடாதீர்கள். அந்தத் துண்டு வேறு, விஷம் வேறு.

இப்போது தாங்கித் தாங்கி நடக்கிறேன். ஒட்டிய தோலைத் தொட்டால் வேறு யாரையோ தொடுவது போலிருக்கிறது. என்னிடமிருந்து போன கிருமியை உறையவைத்து, வேண்டும்போது வளர்த்துக்கொள்வார்களாம். நான் பார்த்தேயிராத ஏதோ ஓர் அறையில் அது அந்த விஷத் துண்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். தோற்றுப்போ என்று தினமும் அதைத் திட்டுகிறேன். அது தோற்கும் நாளில் நான் இருப்பேனோ என்னவோ. யாருக்கோ கால் இருக்கும்.