காலுக்காக ஜெபித்தோம்

"நீ படிச்சு வேலைக்குப் போனா உங்கம்மாவுக்கு இன்னா வரப்போவுது? எல்லாம் புருஷன் வூட்டுக்குத்தானே!" என்று மாமா ஒருமுறை என்னிடம் கேட்டார். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். கோபத்தில் எழுந்து போய்விட்டேன். பக்கத்தில் இருந்த அம்மா அதை நம்பிவிட்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அப்பா நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், இப்போது உயிரோடு இல்லை. நான் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன். 2000ஆம் ஆண்டு. வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தில் அம்மா வாராவாரம் ஒரே விண்ணப்பம் வைத்தாள்: கால் வலி. பாஸ்டரும் சகோதரிகளும் அந்தக் காலுக்காக உருகி ஜெபித்தார்கள். அதே காலோடுதான் அவள் குழாயடியிலிருந்து குடம் சுமந்து மேடு ஏறினாள்.

ஒரு நாள் அம்மாவுக்கு முதுகு தேய்த்துவிடும்போது என் கையில் தட்டுப்பட்டது. இடது மார்பில், கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி.

"அப்போ கால் வலி?"

"பாஸ்டர் எதிர்ல இன்னான்னு சொல்றது? எந்த எடம்னு ஆண்டவருக்குத் தெரியாதா?"

என் வேலையில் பெற்றோருக்கும் இலவச வைத்தியம் உண்டு என்றேன். அழுதேன். கத்தினேன். "மொதல்ல உன் கல்யாணம் முடியட்டும். சும்மா கெட" என்றாள். இத்தனை படித்தும் அவளை ஒரு டாக்டர் முன்னால் உட்கார வைக்க என்னால் முடியவில்லை. முழங்காலில் நின்றேன். "அவ வாயைத் திறங்க ஆண்டவரே" என்பது மட்டும்தான் வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை பாஸ்டர், "அம்மா, கால் எப்படி இருக்கு?" என்று கேட்டார். அம்மா எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"கால் நல்லாத்தான் இருக்கு ஐயா. மாருலதான் கட்டி."

பின்னால் இருந்த ரோஸி அக்கா வந்து அவள் கையைப் பிடித்தார். "நாளைக்கு நானும் வர்றேன், வாங்க."

மறுநாள் பார்த்த டாக்டர்கள் பெங்களூருக்கு அனுப்பினார்கள். படம் எடுத்தார்கள். புற்றுநோய்தான். மார்பை எடுத்தார்கள். நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். வேறொன்றும் செய்ய முடியவில்லை. வீடு திரும்பும் நாளில் அம்மா கவுண்டர் முன்னால் நின்று முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"ஒண்ணும் கட்ட வேணாம்மா. உங்க பொண்ணு வேலை செய்றாங்கல்ல?" என்றார் அங்கிருந்தவர்.

அம்மா முடிச்சைத் திரும்பப் போட்டாள். "உன் மாமனுக்கு ஒரு போன் போடு" என்றாள்.

இன்று அம்மா இந்தக் கூட்டத்தில் நம் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். ஆண்டவருக்கு நன்றி. பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் கேளுங்கள், சகோதரிகளே. எந்த இடம் என்று சொல்லியே கேளுங்கள். அவர் கேட்கிறார்.

கட்டி வந்தபின் தொழிற்சாலை எல்லாச் செலவையும் ஏற்கிறது. வருமுன் மார்பைப் படம் எடுத்துப் பார்ப்பதற்குப் பணம் கொடுப்பதில்லை. அதையும் இலவசமாக்கச் சொல்லி, வரும் யூனியன் கூட்டத்தில் பேசப் பெயர் கொடுத்துவிட்டேன். அங்கே முக்கால்வாசிப் பேர் ஆண்கள்.

கால் என்று சொல்ல மாட்டேன்.