ஓடைக்கு ஒரு வண்டி, உறக்கத்துக்கு ஒரு வண்டி

வியாழக்கிழமை காலை ஆறேகாலுக்குத் திண்டுக்கல் ரயில் நிலையத்தில் இறங்கினேன். சென்னையிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல். இந்த ஊருக்கு வருகிறவர்கள் மலைக்கோட்டை ஏறவோ பிரியாணி சாப்பிடவோ வருவார்கள். நான் கார் வாங்க வந்தேன், அதுவும் எனக்கில்லை. என் அக்கா ரீத்தாவின் கணவர் அந்தோணி மச்சானுக்கு.

மச்சானுக்குச் சாணார்பட்டிக்குக் கிழக்கே மாந்தோப்பு. போன கோடையில் வந்த இடுப்பு வலியை மூட்டை தூக்கியதால் வந்தது என்று எல்லோரும் நம்பினோம். அது புற்றுநோய், முதுகெலும்பு வரை ஏறிவிட்டது. 'இனி வலியைக் குறைக்கத்தான் முடியும், மாதக் கணக்குதான்' என்று டாக்டர் சொல்லிவிட்டார். மதுரையில் கரண்டு வைக்கிறார்கள். கதிர்வீச்சுச் சிகிச்சையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அது முடிந்தால் ஊசி, சோதனை என்று போக்குவரத்து ஓயாது. நத்தம் வழியாகப் போய்வர நூற்றிருபது கிலோமீட்டர். வாடகை வேன் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் மச்சான் துண்டைக் கடித்துக்கொள்வதை அக்கா போனில் சொல்லிச் சொல்லி அழுதாள்.

சாலை அகலப்படுத்த எடுத்த நிலத்துக்கு வந்த பணம் வங்கியில் கிடந்தது. அதில் வண்டி வாங்குவது என்று முடிவாகியது. எந்த வண்டி என்பதில்தான் தகராறு. மச்சானுக்குக் காடுமேடு ஏறும் ஹைப்ரிட் வண்டி வேண்டும். பெட்ரோலும் மோட்டாரும் சேர்ந்து இழுக்கும், நாலு சக்கரமும் இழுக்கும். நான் மின்சாரக் கட்சி. யூடியூப் பார்த்துப் பார்த்து வண்டி ஞானி ஆனவன் நான், கேட்கவா வேண்டும். விலையில் பெரிய வித்தியாசம் இல்லாததால் பணம் எங்களுக்குத் தீர்ப்புச் சொல்லவில்லை.

காலை பத்து மணிக்கு, இரண்டையும் விற்கும் ஒரு ஷோரூமுக்குப் போனேன். சோதனை ஓட்டத்துக்குக் கூட வந்தவர் சுகன்யா, ஒட்டன்சத்திரத்துக்காரர். "ஏனுங்க, உங்களுக்குங்களா வண்டி?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். அதற்கப்புறம் வண்டியின் பெருமையை அவர் பாடவே இல்லை.

முதலில் ஹைப்ரிட். நத்தம் சாலையில் வலப்பக்கம் சிறுமலை கூடவே வந்தது. சாணார்பட்டி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மண்பாதைக்குள் திரும்பினோம். அங்கிருந்து தோப்பு வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர், நடுவில் ஓர் ஓடை. பாலம் கிடையாது. அன்று மணலும் கல்லுமாகக் காய்ந்து கிடந்தது. வண்டி அதை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் தாண்டியது.

மச்சான் வேட்டி சட்டையோடு வாசலில் நின்றிருந்தார். பாதி ஆளாகியிருந்தார். அழுதுவிடுவேனோ என்று பயந்து, "என்ன மச்சான், மாப்பிள்ளை மாதிரி கெளம்பி நிக்கிறீக?" என்றேன்.

"பொண்ணு பாக்கப் போறேன்ல. ரெண்டு பொண்ணு. நீ கரண்டு வண்டிதான்னு சொல்லுவ. ஆஸ்பத்திரில எனக்குக் கரண்டு, வீட்டுல வண்டிக்குக் கரண்டு. ஊருக்கே மீட்டரு எகிறிரும்லே!"

சிரித்தோம். ஆனால் எந்த வீடியோவிலும் எனக்கு யாரும் சொல்லாத ஒன்று உடனே தெரிந்தது. வண்டியின் படி அவருக்கு எட்டவில்லை. ஓடுகிற டிராக்டரில் தாவி ஏறிய மனிதர், ஒரு காலைத் தூக்கிப் படியில் வைக்கமுடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் அக்காவும் தூக்கித்தான் உட்காரவைத்தோம். கனமே இல்லை.

திரும்பவும் ஓடை. "வண்டின்னா இதுதாம்லே வண்டி! எம்புட்டு லேசா ஏறுது பாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், நடு ஓடையில் பேச்சை நிறுத்தினார். திரும்பிப் பார்த்தேன். துண்டு வாயில் இருந்தது. தார்ச்சாலைக்கு வந்த பிறகும் அதை எடுக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஷோரூமில் வண்டி மாற்றினோம். மின்சார வண்டி தாழ்வானது, மச்சான் சீட்டில் உட்கார்ந்து காலை உள்ளே இழுத்துக்கொண்டார். இதை அக்கா ஓட்டினாள். அவள்தானே தினமும் ஓட்டவேண்டியவள். சுகன்யா முன்னால், நான் பின்னால் மச்சானுக்குப் பக்கத்தில். திருச்சி நெடுஞ்சாலையில் வடமதுரையை நோக்கிப் போனோம். இஞ்சின் சத்தம் இல்லை, உதறல் இல்லை. சற்று நேரத்தில் என் தோளில் ஏதோ சாய்ந்தது. மச்சான் தூங்கிவிட்டார்.

கண்ணாடியில் பார்த்த அக்காவின் முகம் மாறியது. "தூங்குறாராடா?" என்றாள், உதட்டை மட்டும் அசைத்து. ராத்திரியெல்லாம் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிற மனிதர் அவர். வடமதுரையில் திரும்பவேண்டிய இடத்தில் அவள் திரும்பவில்லை. சுகன்யாவின் போன் அதிர்ந்தது. அடுத்த வாடிக்கையாளர் காத்திருந்தார். சுகன்யா போனை அணைத்துக் கைப்பையில் போட்டார்.

"தூங்கட்டுங்க. நீங்க ஓட்டுங்கக்கா."

அய்யலூர். அன்று ஆட்டுச்சந்தை. விடியுமுன் கூடும் சந்தை கலைந்து, மிச்ச ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஒருவர் பக்கச்சாலையில் போய்க்கொண்டிருந்தார். திரும்புவதற்காக அதில் இறங்கிய நாங்கள் மந்தைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். சத்தமில்லாத வண்டியை ஆடுகள் சட்டை செய்யவில்லை. அக்கா ஹாரனைத் தொடவுமில்லை, ஊர்ந்துகொண்டே வந்தாள். தற்செயலாகத் திரும்பிய ஆட்டுக்காரர் பதறிவிட்டார்.

"ஏத்தா! எமன் கணக்கா சத்தமில்லாம வந்து நிக்கிறியே, ஆரன அடிக்க வேண்டியதுதான?"

அக்கா கண்ணாடியை இறக்கி, பின்சீட்டைக் கையால் காட்டினாள். அவர் குனிந்து எட்டிப் பார்த்தார். எலும்பு தெரிந்த தோளும், குழிந்த கன்னமும், திறந்த வாயும் அவருக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்கும். அதட்டாமல், கோலை உயர்த்தாமல், ஆடுகளை ஒவ்வொன்றாகக் கையால் ஒதுக்கி வழிவிட்டார்.

இரண்டரை மணிக்கு ஷோரூம் வாசலில் வண்டி நின்றதும் மச்சான் விழித்தார். "வந்தாச்சா? இப்பத்தான கெளம்புனோம்" என்றார். நடந்ததைச் சொன்னேன். என் கையைப் பிடித்து இறங்கியவர், "மொதல்ல பாத்த அந்த ஒசந்த வண்டியவே எழுதச் சொல்லுங்க" என்றார்.

"அதுக்கு நாலு மாசம் ஆகுமுங்க. இது அடுத்த வாரமே கெடைக்கும்" என்றார் சுகன்யா தயங்கி.

"ஆகட்டும்த்தா. வண்டி எனக்கில்ல. எனக்குப் பெறகு மழையில அந்த ஓடையத் தாண்டி இவதான் மாங்கா ஏத்திட்டு வரணும். இந்தக் கரண்டு வண்டி தண்ணில எறங்குமா?"

"தண்ணி வந்தா எறக்காதீங்க. ஈர மணல்ல சக்கரம் நின்ன எடத்துலயே சுத்துமுங்க" என்று அந்தப் பெண் பொய் சொல்லாமல் சொன்னார்.

அதுவரை வாயே திறக்காத அக்கா பொங்கிவிட்டாள். "எனக்கு எதுன்னு ஆராவது கேட்டீகளா? மாங்காய்க்கு டிராக்டரு இருக்கு. எனக்குப் பஸ்சு இருக்கு. நீங்க தூங்குன வண்டிதான் இந்த வீட்டுக்கு வரணும். தண்ணி வந்தா நாலு பேரக் கூப்ட்டு, கட்டிலோட தூக்கி ஓடையத் தாண்டிருவோம்."

மச்சான் அவளையே பார்த்தார். "நாலு பேரு எப்பிடியும் வரத்தானடி போறாக" என்றார்.

அவர் ஒருவர்தான் சிரித்தார். மின்சார வண்டிக்கு அக்கா கையெழுத்துப் போட்டாள்.

இருவரையும் வாடகை வேனில் அனுப்பிவிட்டு, மாலை ஐந்தரைக்கு நான் சென்னைக்குத் திரும்பப் பேருந்து நிலையத்தில் நின்றேன். டீ பதினைந்து ரூபாய். சென்னையில் என் நண்பர்கள் வண்டி வாங்கினால், மைலேஜ் எவ்வளவு, நிறுத்த இடமுண்டா, மறுவிற்பனைக்குப் போகுமா என்று விசாரிப்பார்கள். அங்கே நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சிறுமலைப் பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. "இன்னைக்குப் பெய்யும்யா, நல்லாப் பெய்யும்" என்று டீக்கடைக்காரர் முகம் மலர்ந்தார். பெஞ்சில் இருந்தவர்களும் எழுந்து வந்து ஆசையாக வானத்தைப் பார்த்தார்கள். மழைக்கு ஏங்கும் பூமி, பார்க்கத்தானே செய்வார்கள். நானும் விவசாயி வீட்டில் பிறந்தவன்தான். ஆனாலும் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த வருஷம் மட்டும் மழை பெய்யக்கூடாது ஆண்டவரே என்று வேண்டிக்கொண்டேன்.