முறுக்காத நட்டுக்கும் பொட்டு

ஆயுத பூஜையன்று மருமகள் கார் சக்கரத்துக்குக் குங்குமம் வைத்தாள். எனக்குத் தாராவி நினைவு வந்துவிட்டது.

அறுபதுகளில் அப்பா அங்கே ஒரு ரேஸ் கார் கட்டி, இளவட்டங்களை ஓட்டவிட்டார். முறுக்கி முடித்த நட்டுக்கு அடையாளமாகக் குங்குமப் பொட்டு வைப்பார்.

ஒரு ரேஸ் நாள், பாதி நட்டுகளை முறுக்கிவிட்டு அவர் டீ குடிக்கப் போனபோது, அம்மா சாமி கும்பிட்டுவிட்டு, விட்டுப்போன நட்டுகளுக்கெல்லாம் பொட்டு வைத்தாள். நான் பார்த்தேன். திரும்பி வந்த அப்பா, எல்லாவற்றிலும் பொட்டைக் கண்டு காரை அனுப்பிவிட்டார்.

சக்கரம் கழன்றது. ஓட்டிய செல்வத்துக்கு இடது கால் போயிற்று.

வீட்டில் அம்மாவின் சிவந்த விரலை அப்பா வெகுநேரம் பார்த்தார். பிறகு செல்வத்தின் தகப்பனாரிடம் போய், “நாந்தான் முறுக்க மறந்துட்டேன் அண்ணாச்சி” என்றார். ரேஸை அன்றோடு விட்டார்.

“நான் பொட்டு வச்சதாலதான் அந்தப் பிள்ளைக்கு உசுராவது மிஞ்சிச்சு” என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ஆமா” என்பார் அப்பா.